மெரூன் மையில் நைனா

திருப்பதியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் பதினொரு வருஷமாகப் பத்திரிகை டிசைன் செய்கிறேன். ஊரார் வீட்டுக் கல்யாணம் எத்தனை என் கம்ப்யூட்டர் வழியாகப் போயிருக்கும் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒன்றுக்கும் தூக்கம் கெட்டதில்லை. தப்பு வந்தால் முதலாளி கத்துவார், நானும் பதிலுக்குக் கத்துவேன், மறுபடி அடித்துக் கொடுப்போம், அவ்வளவுதான். என் தங்கச்சி பத்திரிகைக்கு உட்கார்ந்த அன்றைக்குத்தான் மவுஸ் பிடித்த கை வேர்த்தது.

காரணம் இருந்தது. தங்கச்சிக்கு இது மூன்றாவது சம்பந்தம். முதல் இரண்டும் பேசி முடித்த பிறகு கை நழுவிப் போனவை. ஒன்றில் மாப்பிள்ளையின் தாத்தா போய்ச் சேர்ந்தார், பெண் ராசி என்றார்கள். இன்னொன்றில் காரணமே சொல்லவில்லை, போனை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். வடமாலபேட்டையில் எங்கள் தெருக் குழாயடியில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போவதையே நிறுத்தி, என்னை அனுப்ப ஆரம்பித்தாள். நான் போனால் வாயை மூடிக்கொள்வார்கள். என் வாய் அப்படி.

மூன்றாவதாக வந்தது குடிபாலா பக்கத்துக் குடும்பம். பையன் ஸ்ரீசிட்டியில் வேலை, தங்கமானவன். அவனுடைய அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், சத்தமாகப் பேசுகிறவர். அம்மா அதற்கு நேர்மாறு. எங்கள் வீட்டில் நிச்சயதாம்பூலம் நடந்தபோது அவர் உட்கார்ந்த பாயை விட்டு நகரவே இல்லை. பையனுக்கு ஒரு அக்காவும் வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். தட்டு மாற்றும்போது எல்லோரும் முன்னால் வர, அவள் மட்டும் பின்கட்டில் தொட்டி ஓரமாக நின்றுகொண்டாள். கூப்பிட்டேன், தலையை மட்டும் ஆட்டினாள். அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். தாம்பூலத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததில் விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்தார். அன்று அவர் பேசியதே அந்த ஒரு பேச்சுதான்.

"நீதான் பத்திரிக செய்யப் போறேன்னாங்க. ஒரு பொட்டு கருப்புகூட இருக்கக்கூடாது, கண்ணு. எழுத்துல, கோட்டுல, படத்துல, எதுலயும்."

"நீங்க கவலையே படாதீங்க அத்த. எங்கையில இருக்கற வேலதானே!" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

மனசுக்குள் சிரித்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகையில் கருப்பு கூடாது என்பது எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? அதனால்தான் எழுத்தையெல்லாம் மெரூனில் அடிக்கிறோம். இதை எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று நினைத்தேன்.

கல்யாணம் நாராயணவனம் கோயிலில் என்று முடிவானது. பத்திரிகை மஞ்சளும் மெரூனும், இரண்டே வண்ணம். நடுவில் கல்யாண வெங்கடேஸ்வரர், சுற்றி மாவிலைத் தோரணம், கீழே எழுத்து. இதெல்லாம் நான் கம்ப்யூட்டரில் கோடாக வரைந்தவை. ஒரே ஒரு வேலைதான் மிச்சம். மேலே இடது பக்கம் நைனா போட்டோ, அதாவது எங்கள் அப்பா போட்டோ.

நைனா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மாங்காய் லோடு ஓட்டியவர். சீசனில் தோத்தாபுரி மாங்காயை ஏற்றிக்கொண்டு சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் இரண்டு நாள், மூன்று நாள் வரிசையில் நிற்பார். போட்டோ என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. ரேஷன் கார்டில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். கல்யாணப் போட்டோவை ஈரம் தின்றுவிட்டது, அம்மா மட்டும் இருக்கிறாள், பக்கத்தில் வெள்ளைப் பூசணம். ஃபேக்டரி வாசலில் வரிசையில் நின்றபோது யாரோ இன்னொரு டிரைவர் பழைய போனில் எடுத்த ஒரே படம்தான் உருப்படி. லோடு மேல் சாய்ந்துகொண்டு நைனா சிரிக்கிறார். அந்தப் படம் பத்துப் பதினைந்து போன் மாறி எங்களிடம் வந்து சேர்ந்தபோது பாதி உயிர் போயிருந்தது. தலையும் தோளும் மட்டும் வெட்டி எடுத்தால் குறுக்கே இருநூற்றுச் சொச்சம் புள்ளிதான் தேறியது.

அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு முந்நூறு புள்ளியாவது வேண்டும். கணக்குப் போட்டால் நைனாவுக்கு முக்கால் அங்குலம். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்கு மேல் இழுத்தால் மூஞ்சி கட்டம் கட்டமாக உடையும்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பெருமாள் படம் எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிசு வேண்டும் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைக் கூடத்தில் வைத்து உட்காரவைத்துக் காட்டினேன். பெருமாளைப் பிடித்து இழுத்தேன், திரை கொள்ளாமல் பெரிதானார், ஒரு கோடு மங்கவில்லை. நைனாவை இழுத்தேன், கண் இருந்த இடத்தில் நாலு சாம்பல் கட்டம் வந்தது.

"பாத்தியா? பெருமாள நான் கோடா வரஞ்சேன். எவ்ளோ வேணா இழுக்கலாம். எழுத்தும் அப்பிடித்தான். போட்டோ அப்பிடி இல்லம்மா. அது வெறும் புள்ளி. இருக்கறதுதான் இருக்கும்."

அம்மா திரையில் இருந்த பெருமாள் மேல் விரலை வைத்தாள்.

"அப்போ உங்க நைனாவையும் எழுத்து மாதிரி செய்யேன்" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னாம்மா பேசற, அவுரு இன்னா கம்பெனி முத்திரையா என்று கத்திவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் அச்சகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதையும் செய்து பார்த்தேன். போட்டோவைக் கொடுத்தால் கோடாக மாற்றித் தரும் வசதி ஒன்று இருக்கிறது. மாற்றியது. கூராக, பளிச்சென்று, எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம் என்று வந்தது. கன்னம் இரண்டு திட்டு, மீசை ஒரு திட்டு, பல் ஒரு வெள்ளைத் திட்டு. எலெக்‌ஷன் பேனரில் நிற்கிற யாரோ ஒருவர் மாதிரி இருந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

"யாருடி இவன்?" என்றாள்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முக்கால் அங்குலத்துக்கு அம்மா இறங்கி வந்தாள். ஆனால் முகம் தொங்கிப் போயிருந்தது. அப்பனைப் பெரிதாகப் போடக்கூட வக்கில்லாத பெண்ணா நீ என்று அவள் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன்.

இப்போது எங்கள் அச்சகத்துப் பழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும். மெரூன், மஞ்சள் என்று இரண்டு வண்ண வேலை வந்தால், கம்ப்யூட்டரில் மெரூன் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பைத்தான் போடுவோம். பிளேட் என்பது மெல்லிய அலுமினியத் தகடு, அதற்கு நிறம் கிடையாது. கருப்புக்கு என்று எடுத்த பிளேட்டை மிஷினில் மாட்டி மெரூன் மையை ஊற்றினால் மெரூனாக விழும். இப்படிச் செய்தால் சின்ன எழுத்துகூட ஒரே பிளேட்டில் சுத்தமாக வரும், சண்டை போட்ட அண்ணன் தம்பி மாதிரி இரண்டு நிறம் விலகி நிற்காது. அதனால் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு ஃபைல் வைத்திருப்போம். கஸ்டமருக்குக் காட்ட, மெரூனில் ஒன்று. பிளேட்டுக்கு அனுப்ப, கருப்பில் ஒன்று. கருப்பு ஃபைலை வெளியாள் கண்ணில் காட்டவே மாட்டோம்.

நைனா போட்டோவையும் கருப்பு வெள்ளையாக்கி அதே பிளேட்டில் சேர்த்தேன். அன்று வெள்ளிக்கிழமை. ஃபைலை ஏழு தடவை பார்த்தேன், மிகைப்படுத்தவில்லை. எழுத்தெல்லாம் கோடாக மாறிவிட்டதா, போட்டோ உள்ளேயே இருக்கிறதா, தோரணம் வெட்டுக்கோட்டைத் தாண்டி வெளியே போகிறதா, மஞ்சளில் எங்காவது கருப்பு கலந்திருக்கிறதா. மூடுவேன், பஸ்ஸுக்குக் கிளம்புவேன், வாசல் வரை போய் மனசு கேட்காமல் திரும்பி வந்து திறப்பேன். மிஷின் ஓட்டும் அண்ணன் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனார். அவர் தெலுங்குக்காரர், எங்களோடு இருந்து இருந்து தமிழும் தெலுங்கும் ஒன்றாகக் குழைந்துவிட்டது. என்னைத் தல்லி என்பார், அம்மா என்று அர்த்தம்.

"ஏன் தல்லி, இது கல்யாணப் பத்திரிகயா, ராக்கெட்டா? வூட்டுக்குப் போ" என்றார்.

போனேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே, தங்கச்சி கேட்டாளே என்று பத்திரிகையைப் போனில் அனுப்பினேன். அவள் புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் முடிகிற நேரம், அவள் திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே மாப்பிள்ளைக்குத் தள்ளிவிட்டாள். அவனும் வேலையில் இருந்தவன், பார்க்காமல் அவர்கள் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டான். மூன்று பேர் கை மாறியது, மூன்று பேரும் பார்க்கவில்லை. ஏழு தடவை பார்த்த நான்தான் தப்பானதை அனுப்பியிருந்தேன்.

வடமாலபேட்டையில் இறங்கி நாலு எட்டு வைத்திருக்க மாட்டேன். போன் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா.

"ஏம்மா, இன்னாம்மா இது? கல்யாணத்துக்கு அனுப்பினியா, கருமாதிக்கு அனுப்பினியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேசிக்கொண்டே போனில் அனுப்பியதைத் திறந்தேன். கன்னங்கரேலென்று எழுத்து. மேலே இடது மூலையில், கருப்புக் கோடு கட்டிய சதுரத்துக்குள், செத்துப்போன என் நைனா கருப்பு வெள்ளையில். யார் பார்த்தாலும் காரியப் பத்திரிகை என்றுதான் சொல்வார்கள். நடுரோட்டில் நின்றுவிட்டேன், பின்னால் வந்த ஆட்டோக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

"மாமா, அது கருப்பு இல்ல மாமா. மெரூன். கம்ப்யூட்டர்ல அப்பிடித் தெரியும்..."

"எங்கண்ணு கருப்புன்னு சொல்லுது. நீ மெரூன்னு சொல்ற. எனக்கு இன்னா கண்ணு அவிஞ்சி போச்சா?"

"அது பிளேட்டுக்கு அனுப்பறது மாமா. இருங்க, சரியான பத்திரிகய இப்பவே அனுப்பறேன்."

அவசரமாக மெரூன் ஃபைலைத் தேடி அனுப்பினேன். அது இன்னும் கெடுத்தது.

"இப்ப கலர மாத்தி அனுப்பிக்கினு இருக்கியா? எம் வூட்டுக்காரி பாத்துட்டாம்மா. பாத்ததுலேர்ந்து வாயே தொறக்க மாட்டேங்கிறா. வெளக்கு வைக்கல, போட்ட டீயத் தொடல. அவ உங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதக்கூட உன்னால காப்பாத்த முடியல. நான் இன்னா சொல்லிக் கல்யாணம் செய்யறது, நீயே சொல்லு."

பதில் இல்லாத இடத்தில் எனக்குக் கோபம் வரும். சின்ன வயசிலிருந்து அந்தப் புத்தி.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மிஷின் ஓடும் மாமா. அத்தய இட்டுக்கினு வாங்க. கண்ணால பாருங்க. ஒரு பொட்டு கருப்பு இருந்தா நானே கிழிச்சிப் போடறேன்!"

வரோம் என்றோ வரமாட்டோம் என்றோ சொல்லாமல் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் பயம் வந்தது. எவளாவது சம்பந்தி வீட்டாரிடம் இப்படிக் கத்துவாளா?

வீட்டில் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"மூணாவதும் போச்சா?" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அரிசியை மறுபடி டப்பாவில் கொட்டி மூடிவிட்டு எழுந்து போனாள். தங்கச்சி வந்ததும் வராததுமாக என் பக்கத்தில் வந்து குந்தினாள். மாப்பிள்ளைக்குப் போன் போட்டால் எடுக்கவில்லையாம். நான் பாக்காமலே அனுப்பிட்டேன்க்கா என்று அழுதாள். நான் அல்லவா அழ வேண்டும், நீ ஏன் அழுகிறாய் என்று அவளையும் கத்தினேன்.

மறுநாள் காலை ஒன்பதுக்கே அச்சகத்தில் இருந்தேன். எங்கள் வேலையை முதலில் ஏற்றச் சொல்லி அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அவரோ ஒரு டியூஷன் சென்டரின் கேள்வித்தாள் கட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். முழுக்க முழுக்கக் கருப்பு. அவசரம் என்று முதலாளி காலையிலேயே நுழைத்துவிட்டாராம். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கத்தி முடிப்பதற்குள் ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. அண்ணன் மிஷினை நிறுத்தி, மண்ணெண்ணெயும் துணியுமாக ரோலரைக் கழுவ ஆரம்பித்தார். கழுவக் கழுவத் துணியெல்லாம் கரி.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா வாசலிலேயே நின்றார். அம்மா மெதுவாக உள்ளே வந்தார். கையில் ஒரு துணிப்பை. அவர் கண் நேராகப் போய் விழுந்த இடம், தரையில் குவிந்து கிடந்த கருப்புத் துணிகள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

அண்ணனுக்கு விஷயம் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பிளேட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அலுமினியத்தின் மேல் பச்சையும் நீலமுமாக மங்கலாக எழுத்து தெரிந்தது.

"சூடம்மா, பாருங்க. இதுல கருப்பு உந்தா? சிவப்பு உந்தா? ஏமீ லேது, ஒண்ணுமே இல்ல. எந்த இங்க் ஊத்தறோமோ, அந்தக் கலரு. அந்தப் பொண்ணு நேத்து அனுப்பினது இந்தப் பிளேட்டோட படம், பத்திரிகயோட படம் இல்ல."

நான் நேற்று போனில் சொல்லியும் ஏறாததை அவர் ஒரு மூச்சில் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா கிட்டே வந்து பிளேட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். அம்மா தொடவில்லை.

"எம் பெரிய பொண்ணு பத்திரிக கருப்புலதான் அடிச்சாங்க" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "மெட்ராஸ்ல அப்பிடித்தான் ஸ்டைலுன்னு மாப்ள வூட்ல சொன்னாங்க. நானும் அழகா இருக்குதுன்னு சொன்னேன். எம் வாயாலயே சொன்னேன். பதினோரு மாசம்தான், கண்ணு, தாலியோட இருந்தா."

பின்கட்டில் தொட்டி ஓரமாக நின்றவள் ஞாபகத்துக்கு வந்தாள். கூப்பிட்டும் வராமல் தலையை மட்டும் ஆட்டியவள். அன்று மனசுக்குள் சிரித்ததற்கு என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

அண்ணன் கரண்டிக் கத்தியால் மெரூன் மையை அள்ளித் தொட்டியில் வைத்தார், பக்கத்துத் தொட்டியில் மஞ்சள். பிளேட் மாட்டினார். மிஷின் கிளம்பியது. நான் பெருமாளை வேண்டிக்கொண்டேன். எத்தனை கழுவினாலும் ரோலரில் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் முதல் தாள் வந்து விழுந்தது.

கருப்பாக இருந்தது. நிஜக் கருப்பு இல்லை, அழுக்கு ஏறிய அரக்கு. ஆனால் இந்த அம்மாவின் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா, "நான் இன்னா சொன்னேன்!" என்று ஆரம்பித்தார்.

"ஆகண்டி, கொஞ்சம் நில்லுங்க" என்று அண்ணன் கையைக் காட்டினார். "பழைய அழுக்கு போவுதும்மா. போவட்டும். பாத்துக்கினே இருங்க."

பத்துத் தாள் ஓடியது. அண்ணன் ஒன்றை உருவி மேஜையில் போட்டார். இன்னும் பத்து. இன்னொன்றை உருவி அதன் பக்கத்தில் போட்டார். மேஜையில் தாள்கள் வரிசையாகச் சேர்ந்தன. முதலில் இருந்த இருட்டு இரண்டாவதில் கொஞ்சம் குறைந்திருந்தது, மூன்றாவதில் இன்னும். அந்த அம்மா மேஜையை ஒட்டி வந்து நின்றார். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ஆறாவது தாளுக்கே எனக்குத் திருப்தி. அண்ணனும் நிறுத்தப் போனார்.

"இன்னும் போவட்டும்" என்றார் அந்த அம்மா.

ஓடியது. அண்ணன் நல்ல தாள் வீணாகிறதே என்று என்னைப் பார்த்தார். ஓட்டுங்க அண்ணா என்றேன். முதலாளி கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

"இன்னும்."

அவர் கண்ணில் மட்டும் தெரிந்த ஏதோ ஒரு கருப்பு போய்க்கொண்டே இருந்தது. எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் அது எப்போதோ போய்விட்டது. நான் நகத்தைக் கடித்ததில் ரத்தமே வந்துவிட்டது. இவர் கண்ணுக்குப் போகாமலே இருந்தால் என்ன செய்வது? கட்டு முழுக்க ஓடி முடிந்தும் இன்னும் என்பாரோ? அம்மா வீட்டில் அரிசி டப்பாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள், தங்கச்சி போனைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பெடுப்பாள். என் கைத்தவறுக்கு அவள் வாழ்க்கை போகவேண்டுமா?

அவர் ஒரு தாளைத் தானே எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து ஜன்னல் பக்கம் போனார். குங்குமத்தில் கொஞ்சம் காப்பி கலந்த மாதிரி நல்ல மெரூன், அதைச் சுற்றி மஞ்சள் தோரணம். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முகத்தைத் தாளுக்குக் கிட்டே கொண்டு போனார்.

"இவருதானா உங்க நைனா?"

"ஆமா அத்த."

"நேத்து போன்ல இழுத்து இழுத்துப் பாத்தேன். மூஞ்சியே இல்ல, கட்டம் கட்டமா போயிடுச்சி. மூஞ்சி இல்லாத ஆளு பத்திரிகைல இருக்காரேன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சி." தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். "இதுல சிரிக்கிறாரு."

மாங்காய் லோடு மேல சாஞ்சிக்கினு சிரிச்சாரு அத்த என்று சொன்னேன்.

அவர் தாளை மேஜையில் விரித்து வைத்தார். துணிப்பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே குழைத்த மஞ்சள். வீட்டிலிருந்தே குழைத்துக் கொண்டுவந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று காலையிலிருந்து நான் செத்துக்கொண்டிருந்தேன், அந்த அம்மா மஞ்சளோடு வந்திருந்தார். விரலில் தொட்டுத் தாளின் நாலு மூலையிலும் வைத்தார்.

"அடிங்க" என்றார் அண்ணனிடம்.

மாப்பிள்ளையின் அப்பா உடனே சத்தமாக டீ கேட்டார். மகனுக்குப் போன் போட்டு, ஏன்டா அந்தப் பொண்ணு போன எடுக்கல, எடுத்துப் பேசுடா என்று எங்களுக்குக் கேட்கட்டும் என்றே திட்டினார்.

அவர்கள் போன பிறகுதான் கவனித்தேன். ஒரு தாளில் நாலு பத்திரிகை அடிக்கிறோம். அதை வெட்டினால்தான் தனித்தனிப் பத்திரிகை. அந்த அம்மா மஞ்சள் வைத்தது வெட்டிக் கழித்துக் குப்பையில் போடுகிற ஓரத்தில். அண்ணன் அந்தத் தாளையும் கட்டோடு சேர்த்து கட்டிங்குக்கு எடுத்துக்கொண்டு போனார். ஓடிப் போய்ப் பிடுங்கினேன்.

"தல்லி, அது மஞ்சக் கறை" என்றார்.

"தெரியும் அண்ணா. அத வெட்டாதீங்க."

வெட்டாத தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மதிய பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். போனில் சொல்லியிருக்கலாம். போனை நம்பி இனி எதையும் அனுப்புவதில்லை என்று அன்றைக்கு இருந்தேன்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டிருக்கவில்லை, பார்த்தாலே தெரிந்தது. என்ன ஆச்சு என்று கேட்கவும் பயந்துகொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் தாளைத் தரையில் விரித்தேன். அவள் கண் முதலில் மூலையில் இருந்த மஞ்சளுக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"யாரு வெச்சாங்க?"

"அத்த வெச்சாங்க."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை மடியில் இழுத்து வைத்தாள். அப்போதுதான் நைனாவைப் பார்த்தாள். ஒரே தாளில் நாலு இடத்தில், முக்கால் அங்குலம் முக்கால் அங்குலமாக, மெரூன் மையில் சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷமாக ஒரே ஒரு படம் வைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தாள். விரல் போய்ப் போய்த் திரும்பி வந்தது. கீழே வலது பக்கம் இருந்ததில் விரல் நின்றது.

"இதுலதான் நல்லா இருக்காரு, இல்ல?" என்றாள். "மத்ததுல இவ்ளோ சிரிக்கல."

நாலும் ஒரே படம். ஒரு புள்ளிகூட வித்தியாசம் கிடையாது, நான்தான் அவற்றை அங்கே வைத்தவள். நான் குனிந்து பார்த்தேன்.

"ஆமாம்மா, இதுலதான்" என்றேன்.

அம்மா எழுந்து போய் அரிசி டப்பாவைத் திறந்தாள்.